ஊசி வேண்டாம் என்பவர் எத்தனை பேர், பட்டியலிலேயே இல்லாதவர் எத்தனை பேர்?

வார்டு 4 · 3 ஜூன், காலை 7.40

எங்கள் ஊராட்சியில் 9 மாதத் தடுப்பூசிக்கு வர வேண்டிய பிள்ளைகளில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது. தண்டோரா போட்டாச்சு, பேனர் கட்டியாச்சு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து ஊர்வலமும் விட்டாச்சு. ஒன்றும் நகரவில்லை. "ஜனங்களுக்கு விழிப்புணர்வு பத்தாது" என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஊசி போடாத வீட்டுக்கு ரேஷனை நிறுத்தி வைக்கத் தீர்மானம் போடலாம் என்று ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. மக்கள்தொகை 5,000. ஒரு துணை சுகாதார நிலையம், ஆறு குக்கிராமம், எல்லையில் இரண்டு செங்கல் சூளை. எங்கே கை வைப்பது?

ஊர்க்கணக்கு · 3 ஜூன், காலை 9.15

ரேஷனில் கை வைக்க வேண்டாம். ஊசி போடாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்றே தெரியாதபோது யாருடைய அரிசியை நிறுத்துவீர்கள்? தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து காட்டுகிற வீடுதான் மாட்டும். அட்டையே வாங்காதவர்கள் இன்னும் ஒதுங்கிப் போவார்கள்.

முதலில் எண்ணுங்கள். 2020-ஐ ஒட்டிய கணக்கில் தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 பிறப்பு. 5,000 பேருக்கு 70. மாதம் ஆறு பிள்ளை. பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் போடுவதை விட்டுவிட்டால், ஒரு பிள்ளை 6-ஆவது வாரம், 10-ஆவது வாரம், 14-ஆவது வாரம், 9 மாதம், 16 மாதம் என்று ஐந்து தடவை வர வேண்டும். ஆண்டுக்கு 350 வருகை, மாதத்துக்கு முப்பதுக்குள். ஆறு குக்கிராமத்தில் முப்பது பிள்ளையைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம். பேனர் கட்டிக் கூப்பிடுகிற அளவுக்குக் கூட்டமே கிடையாது.

நர்சம்மாவின் பதிவேட்டிலிருந்து கடந்த 12 மாதத்துக்கு மூன்று எண் எடுங்கள்: பெண்டா 1, பெண்டா 3, எம்.ஆர். 1. பெண்டா என்பது ஐந்து நோய்க்கான கூட்டு ஊசி, அதன் மூன்றாம் தவணை 14-ஆவது வாரம். எம்.ஆர். 1 என்பது தட்டம்மை, ரூபெல்லாவுக்கான 9 மாத ஊசி. பெண்டா 1 என்பது ஆறாவது வார ஊசி. அதுவே 70-க்கு ரொம்பக் குறைந்தால் பிள்ளைகள் உங்கள் பதிவேட்டுக்கே வந்து சேரவில்லை. அதற்கு வழி, தூரம், பட்டியல் இவற்றைப் பார்க்க வேண்டும். பெண்டா 1 நன்றாக இருந்து எம்.ஆர். குறைந்தால் பிள்ளை வந்தது, பிறகு நின்றுபோனது. இரண்டும் வேறு வேறு நோய். ஒரே மருந்தாகத் தண்டோரா போட்டால் இரண்டுக்கும் கேட்காது.

விடுபாட்டைக் கணக்கிட: பெண்டா 1-இல் இருந்து எம்.ஆர். 1-ஐக் கழித்து, பெண்டா 1-ஆல் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த நிலையத்தில் ஏதோ ஒரு இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்க்கணக்கு · 3 ஜூன், இரவு 10.05

காலையில் "கடந்த 12 மாதம்" என்று எழுதியது சரியில்லை. இந்த வருஷம் எம்.ஆர். போட்ட பிள்ளையும் இந்த வருஷம் பெண்டா 1 போட்ட பிள்ளையும் ஒரே கூட்டம் அல்ல. நடுவில் ஏழரை மாதம் இடைவெளி இருக்கிறது. பிறப்பு ஏறி இறங்கும் சின்ன ஊரில் அந்தக் கழித்தல் பொய் சொல்லும். பிறந்த தேதியை வைத்து எடுங்கள்: இன்றைக்கு 12 மாதம் முடிந்து 24 மாதம் முடியாத பிள்ளைகள் எல்லாரையும் பெயர் பெயராக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஊசியின் தேதியை எதிரே குறியுங்கள். ஒரு நாள் வேலைதான். அதற்குப் பிறகு வருவது சதவீதமாக இருக்காது, ஆளாக இருக்கும்.

ஐஸ்பெட்டி · 4 ஜூன், மதியம் 1.20

9 மாத ஊசி என்றதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வயல் (ஊசி மருந்துக் குப்பி) திறக்கிறார்களா?

எம்.ஆர். வயலில் 5 டோஸ் அல்லது 10 டோஸ் இருக்கும். பொடியாக வரும், கரைப்பான் ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்கிய நிமிஷத்திலிருந்து 4 மணி நேரம், அல்லது அன்றைய ஊசி முகாம் முடியும்வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதோடு தூக்கிப் போட்டுவிட வேண்டும். மாதம் ஆறு பிள்ளை, அதிலும் நான்கு புதன்கிழமை என்று பிரித்தால் ஒரு புதனுக்கு ஒன்றோ இரண்டோ. ஒரு பிள்ளைக்கு 10 டோஸ் வயலை உடைத்தால் ஒன்பது வீண். மேலே வீண்கணக்கு கேட்பார்கள் என்ற பயத்தில் "அடுத்த வாரம் வாம்மா, இன்னும் ரெண்டு பேர் சேரட்டும்" என்கிறார்கள். அந்த அம்மா அடுத்த வாரம் வருவதில்லை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு, இடுப்பில் பிள்ளையோடு இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தவளைத் திருப்பி அனுப்பினால் எப்படி வருவாள்?

விதி தெளிவாகவே இருக்கிறது: ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் வயலைத் திறக்க வேண்டும். தடுப்பூசி வீணாவதைவிடப் பிள்ளை விடுபடுவது பெரிய நஷ்டம். இதை வட்டார மருத்துவ அலுவலர் வாயால் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு தடவை சொல்ல வைத்தால் நர்சம்மாவுக்குத் தைரியம் வரும்.

ஊர்க்கணக்கு · 4 ஜூன், மாலை 6.30

திறந்த வயலை நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை வந்துவிட்டதே, அதன்பிறகும் ஏன் பயப்படுகிறார்கள்?

ஐஸ்பெட்டி · 4 ஜூன், மாலை 6.55

அது எம்.ஆருக்குக் கிடையாது. இந்தக் குழப்பம் ஆபத்தானது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். 28 நாள் சலுகை பெண்டா, ஹெபடைடிஸ் பி, டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஊசி), டி.டி. (ரணஜன்னி ஊசி), ஐ.பி.வி. (போலியோ ஊசி), பி.சி.வி. (நிமோனியா ஊசி), போலியோ சொட்டு இவற்றுக்கு. அதுவும் திறந்த தேதியும் நேரமும் வயல்மேல் எழுதி, 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, ரப்பர் மூடி தண்ணீரில் முங்காமல் இருந்து, வயலின் வி.வி.எம். (சூடு பட்டால் நிறம் மாறும் அடையாளம்) கெடாமல் இருந்தால்தான். பி.சி.ஜி. (காசநோய் ஊசி), எம்.ஆர்., பொடியாக வரும் ஜே.இ. (மூளைக்காய்ச்சல் ஊசி) மூன்றும் கலக்கிப் போடுபவை. கலந்தபின் அவற்றில் கிருமி வளராமல் தடுக்க எதுவுமில்லை. நேரம் கடந்த வயலில் ஸ்டாபிலோகாக்கஸ் வளர்ந்தால், ஊசி போட்ட சில மணி நேரத்தில் பிள்ளைக்கு வாந்தி, பேதி, கடும் காய்ச்சல். கவனிக்கத் தவறினால் உயிர் போகும். நாலு மணி நேரம் என்பதில் ஐந்து நிமிஷம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

வீணாவதைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. எம்.ஆர். 1-ம் எம்.ஆர். 2-ம் ஒரே வயல், ஒரே 0.5 மில்லி. 9 மாதப் பிள்ளைகளையும் 16 மாதப் பிள்ளைகளையும் ஒரே புதனுக்கு அழைத்தால் மாதம் பன்னிரண்டு பேர், இரண்டு புதனுக்கு ஆறு ஆறு. வீணாவது வெகுவாகக் குறையும். ஆனால் அழைப்பதைத்தான் சேர்க்கலாம், திருப்பி அனுப்புவதைச் சேர்க்கக் கூடாது. மற்ற புதனில் ஒருத்தி வந்து நின்றால் அவளுக்கும் திறந்தே ஆக வேண்டும்.

ஊர்க்கணக்கு · 5 ஜூன், காலை 8.10

சரி, நான் கேட்டது தவறு. நன்றி.

நேற்று விட்டுப்போன ஒன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் பிள்ளையோடு புருஷன் ஊருக்குத் திரும்புவாள். அப்படியானால் 6, 10, 14 வார ஊசி மூன்றும் தாய்வீட்டு நர்சம்மா கணக்கில். 9 மாத ஊசி மட்டும் உங்கள் ஊரில். இந்தப் பிள்ளை உங்கள் நர்சம்மாவின் பட்டியலில் எப்போது ஏறும்? யாராவது சொன்னால்தான் ஏறும். தாய்வீட்டுப் பதிவேட்டில் அது "விடுபட்ட பிள்ளை". உங்கள் பதிவேட்டில் அது பிறக்கவே இல்லை. உங்கள் ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்களின் பிள்ளைகள் உங்கள் கணக்கில் பெண்டா வாங்கிவிட்டுப் போய்விடுகின்றன. எம்.ஆர். பாதியாகத் தெரிவதில் இதற்கு ஒரு பங்கு இருக்கும்.

14-ஆவது வாரத்துக்கும் 9 மாதத்துக்கும் நடுவே ஐந்தரை மாதத்துக்கு மேல் எந்த ஊசியும் இல்லை. அதற்குள் அம்மா நூறு நாள் வேலைக்குத் திரும்பியிருப்பாள், அட்டை பெட்டிக்குள் போயிருக்கும். அதனால் 14-ஆவது வார ஊசி போடும் அன்றைக்கே மூன்று கேள்வி கேட்டு எழுதிவிட வேண்டும்: 9 மாதம் முடியும்போது எந்த ஊரில் இருப்பாய்? அந்த ஊர் அங்கன்வாடி எது? வீட்டில் பகலில் எடுக்கிற போன் நம்பர் எது? கடைசிக் கேள்விக்காகவே எழுதுகிறேன். பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் புருஷன் நம்பர். அவர் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார், குறுஞ்செய்தி அங்கே போய்ச் சேரும். பாட்டி நம்பரையும் சேர்த்து வாங்குங்கள்.

வார்டு 4 · 9 ஜூன், இரவு 9.00

நர்சம்மாவும் அங்கன்வாடி டீச்சர்களும் உட்கார்ந்து எழுதிவிட்டோம். 12 முதல் 24 மாதம் வரை உள்ளவர்கள். பெண்டா 1: 68. பெண்டா 3: 65. எம்.ஆர். 1: 41.

ஊர்க்கணக்கு · 9 ஜூன், இரவு 9.40

பெண்டா 3-க்கு 4 சதவீதம்தான் விடுபாடு. எம்.ஆருக்கு 40. ஊசியே வேண்டாம் என்கிற ஊராக இருந்தால் பெண்டா 3 இப்படி நிற்காது. மூன்று தடவை கூட்டிவந்தவர்கள் நாலாவது தடவை ஏன் வரவில்லை? அந்த 27 பேர் வீட்டுக்கும் போங்கள். "ஏன் போடவில்லை" என்று கேட்காதீர்கள், குற்றம் சாட்டுவது போலிருக்கும், வாயில் வருவதைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "கடைசியாகப் போட்ட அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அங்கிருந்து பேச்சு தானாக வரும். அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள், சொன்னதை மட்டும் எழுதாதீர்கள்.

மலையடி · 11 ஜூன், மாலை 4.15

மலை ஊர் பற்றி. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பர்கூர் மாதிரி இடங்களில் மேலே சொன்ன கணக்கு அப்படியே வராது. சமவெளியில் துணை நிலையத்துக்கு 5,000 பேர், மலையில் 3,000. ஆனால் அந்த 3,000 பேர் இருபது முப்பது குடியிருப்பாகச் சிதறி இருப்பார்கள். 60 பேர் உள்ள குடியிருப்பில் ஆண்டுக்கு ஒரு பிள்ளைதான் பிறக்கும். அங்கே மாதாமாதம் முகாம் நடத்த முடியாது. சந்தை நாளில், சந்தைக்கு வரும் வழியில் ஊசி போட்டால் பத்துக் குடியிருப்புப் பிள்ளைகள் ஒரே இடத்தில் கிடைக்கும். புதன்கிழமைதான் என்று அடம் பிடித்தால் புதனும் போகும் சந்தையும் போகும். தமிழ்நாட்டில் ஆஷா எனும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததை முதலில் தெரிந்துகொள்பவர் அவர்தான். அவர் நோட்டும் நர்சம்மா நோட்டும் மாதம் ஒரு நாள் ஒத்துப்பார்க்கப்படுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. ஊசி வீட்டுப் பக்கம் வருவதா, வீடு ஊசி பக்கம் போவதா என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்தில் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் இடத்தில்தான் என்று ஆக்கினார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2005-06-இல் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி ஏறத்தாழ 81 சதவீதம், 2015-16-இல் 69.7. ஊசியைத் தூரமாக வைத்ததற்குக் கொடுத்த விலை அது.

ஊர்க்கணக்கு · 12 ஜூன், காலை 7.30

2008-ஐயும் 2015-ஐயும் அப்படி நேராக முடிச்சுப் போட எனக்குத் தயக்கம். 2015-16-இல் எண்ணப்பட்ட பிள்ளைகள் 2013, 2014-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். நடுவே ஆறு வருஷம். அட்டை கையில் இல்லாத வீட்டில் அம்மாவின் ஞாபகத்தைக் கேட்டு எழுதுகிறார்கள். எத்தனை தவணை பெண்டா என்பது ஞாபகத்தில் நிற்காது. 2019-21-இல் எண் 89.2-க்கு ஏறியது. அதில் எவ்வளவு உண்மையான ஏற்றம், எவ்வளவு அட்டை பத்திரமாக இருந்ததால் தெரிந்த ஏற்றம் என்று பிரிப்பது கஷ்டம்.

ஆனால் மலையடி சொன்னதன் உள்ளே இருப்பது சரி. ஒரு சாவு நடந்தால் ஊசி தூரமாகிறது, பயம் கிட்டத்தில் வருகிறது. சமோவா தீவில் 2018 ஜூலையில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாலம்மை, ரூபெல்லா) ஊசியில் கரைப்பானுக்குப் பதிலாக, மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தப் போடும் மருந்தை மாற்றி ஊற்றியதில் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது. அந்த ஆண்டில் தட்டம்மை முதல் தவணை 31 சதவீதத்துக்கு இறங்கியது. 2019-இல் தட்டம்மை நுழைந்தபோது 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே. இரண்டு பாட்டில் மாறியதில் தொடங்கியது.

ஐஸ்பெட்டி · 12 ஜூன், காலை 11.00

அந்தப் பாட்டில் மாறுவது எப்படி என்று சொன்னால்தான் தடுக்க முடியும். ஊசி மருந்து வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியில் வேறு எந்த மருந்தும் இருக்கக் கூடாது. ஆக்ஸிடோசின் இல்லை, இன்சுலின் இல்லை, நாய்க்கடி மருந்து இல்லை. அவசரத்துக்கு "குளுமையா இருக்குமே" என்று வைக்கிற ஒரு ஆம்பூல் போதும். கரைப்பான், அந்த எம்.ஆரைத் தயாரித்த அதே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும், வயல் எண்ணிக்கைக்குச் சரியாக எண்ணிக் கட்டி அனுப்ப வேண்டும். முகாமுக்கு முந்தின நாளே ஐ.எல்.ஆரில் வைத்துக் குளிர வைக்க வேண்டும். சூடான கரைப்பானை ஊற்றினால் மருந்து செத்துவிடும். கலக்குவதற்கு முன் லேபிளை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் நல்லது.

குளிர் பற்றிப் பேசும்போது எல்லாரும் வெயிலுக்குத்தான் பயப்படுகிறார்கள். பெண்டா, பி.சி.வி., டி.டி. இவற்றுக்கு எதிரி உறைபனி. டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் (முகாமுக்கு ஊசி மருந்து எடுத்துப்போகும் பெட்டியில்) அடுக்கினால் அதை ஒட்டி நிற்கும் பெண்டா உறைந்துவிடும். உறைந்த பெண்டா உருகியபின் பார்க்க நல்லதாகவே இருக்கும். வி.வி.எம். காட்டாது, அது சூட்டை மட்டும்தான் காட்டும். போட்ட பிள்ளைக்குப் பாதுகாப்பும் கிடைக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது.

செய்ய வேண்டியது: நான்கு ஐஸ் பேக்கையும் மேசைமேல் இடைவெளி விட்டு வரிசையாக வையுங்கள். மேலே வியர்க்கும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டபிறகு துடைத்துவிட்டுக் கேரியரில் வையுங்கள். எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது, சித்திரைக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று. வயல்களை ஜிப் கவரில் போட்டு நடுவில் வைக்க வேண்டும். ஐஸ் பேக்கின் மேல் குழியில் கலக்கிய எம்.ஆர். வயலும் சொட்டு மருந்தும் உட்காரலாம், பெண்டா உட்காரக் கூடாது.

உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால்: அதே கம்பெனி, அதே பேட்ச் வயல் ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்குங்கள். இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி மேசைமேல் வையுங்கள். சந்தேக வயலில் வண்டல் மற்றதைப் போலவே வேகமாக அடியில் இறங்கினால் தூக்கிப் போடுங்கள்.

வார்டு 4 · 19 ஜூன், இரவு 8.20

27 வீடும் முடிந்தது. ஒன்பது பேர் வேறு ஊரிலோ தனியார் ஆஸ்பத்திரியிலோ போட்டுவிட்டார்கள், நம் பதிவேட்டில் ஏறவில்லை. எட்டுப் பிள்ளைகள் அம்மாவோடு ஊர் மாறிவிட்டன, அங்கே போட்டார்களா என்று எந்த ஊருக்கும் தெரியவில்லை. நாலு பேர் வந்து, வயல் திறக்காமல் திரும்பியவர்கள். மூன்று பேர், பெண்டா 3-க்குப் பிறகு காய்ச்சலும் தொடை வீக்கமும் பார்த்துப் பயந்தவர்கள். இரண்டு பேர் சூளைப் பிள்ளைகள், சீசன் முடிந்து போய்விட்டார்கள். ஒரே ஒரு அப்பா மட்டும் வேண்டாம் என்கிறார். அதோடு, இந்த 68-லேயே வராத ஏழு பிள்ளைகள் இப்போது சூளையில் இருக்கிறார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஊர்க்கணக்கு · 19 ஜூன், இரவு 9.30

27-இல் ஒருவர். தண்டோரா அந்த ஒருவருக்காக அடித்தது.

ஒன்பதைப் பதிவேட்டில் ஏற்றுங்கள், அட்டையில் தேதி பார்த்து மட்டும். எட்டுக்கு, போன ஊர் நர்சம்மாவுக்கு இன்றே போன். யூ-வின்னில் (அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளம்) மொபைல் எண்ணை வைத்துத் தேடினால் வேறு ஊரில் போட்டதும் தெரியும், அங்கே பதிந்திருந்தால். நாலு பேரை அடுத்த புதனுக்கு நர்சம்மாவே நேரில் போய் அழைக்கட்டும், போனில் வேண்டாம். திருப்பி அனுப்பியது நிலையம், அழைக்க வேண்டியதும் நிலையம்தான்.

காய்ச்சல் பார்த்துப் பயந்த மூன்று வீடு: பெண்டா போட்ட இரவு காய்ச்சல் வரும், போட்ட இடம் வீங்கும், ஒன்றிரண்டு நாளில் வடியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது பயமாக மாறியிருக்காது. ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம் சொல்ல வேண்டும்: இன்று என்ன போட்டோம், எதற்கு; என்ன தொந்தரவு வரலாம், என்ன செய்வது; அடுத்து எப்போது; அட்டையைப் பத்திரமாக வைத்துக் கொண்டு வா. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்கிறார்கள் அல்லவா, அந்த நேரம் இதற்குத்தான். மறுநாள் காலை ஒரு போன். "ராத்திரி பிள்ளை தூங்குச்சா?" என்று கேட்டால் போதும். அடுத்த தவணைக்கு அந்த அம்மாவை இழுத்து வருவது அந்த ஒரு கேள்விதான்.

பாராசிட்டமால் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 கிலோ பிள்ளைக்கு 50 முதல் 75. நாலு மணி நேரத்துக்குள் மறுபடி கூடாது, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது.

ஐஸ்பெட்டி · 19 ஜூன், இரவு 10.10

மில்லிகிராமில் சொன்னால் வீட்டில் அளக்க முடியாது. பாட்டில் பல வகை. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அந்தப் பிள்ளைக்கு 2 முதல் 3 மில்லி. 1 மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் அரை முதல் முக்கால் மில்லி. சிரப் அளவைச் சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து கொடுத்தால் 3 மில்லியில் 300 மில்லிகிராம் போய்விடும், ஈரலைக் கெடுக்கும். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அதன் மூடியிலோ டிராப்பரிலோ பேனாவால் கோடு போட்டுக் கொடுங்கள்.

மலையடி · 21 ஜூன், மதியம் 12.45

பரிசு கொடுத்தால் வருவார்களா என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு வந்தது, இங்கேயும் வரும். ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் 134 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. எதுவும் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி 6 சதவீதம். மாதாமாதம் தவறாமல் முகாம் நடத்திய இடத்தில் 18. முகாமோடு, வரும்போதெல்லாம் ஒரு கிலோ பருப்பும், முடித்தால் ஒரு செட் தட்டும் கொடுத்த இடத்தில் 39. கூட்டம் கூடியதால் ஒரு பிள்ளைக்கு ஆன செலவு பருப்பு கொடுத்த இடத்தில்தான் குறைவு.

ஊர்க்கணக்கு · 21 ஜூன், மாலை 5.00

அதில் எனக்குப் பிடித்த எண் 39 அல்ல, 18. சொன்ன நாளில் சொன்ன இடத்தில் ஆள் இருந்தது, அதற்கே மும்மடங்கு. பருப்பு அதன்மேல்தான் வேலை செய்தது. வார்டு 4-இன் ஊரில் பெண்டா 3 ஏற்கெனவே 65. அங்கே பருப்பு கொடுத்தால் எப்படியும் வருகிறவர்களுக்குத்தான் முக்கால்வாசி போகும். அந்தக் காசுக்குச் சூளைக்கு ஒரு ஆட்டோ பிடிக்கலாம்.

நூறு நாள் வேலைத்தளப் பொறுப்பாளரிடம் பேசி, புதன்கிழமை ஊசிக்குப் போகும் அம்மாவுக்கு வருகைப் பதிவு போகாமல் பார்த்துக்கொள்வது எந்தப் பரிசையும்விடப் பெரியது. இதை ஊராட்சிதான் செய்ய முடியும், சுகாதாரத் துறையால் முடியாது.

ஊர்க்கணக்கு · 22 ஜூன், காலை 6.50

சூளையின் ஏழு பிள்ளைகள். இவர்களுக்குப் புதன்கிழமை என்பது கிடையாது. வாரக்கூலி கொடுக்கும் நாளில் அம்மா அப்பா இருவரும் கொட்டகையில் இருப்பார்கள், மேஸ்திரியிடம் கேட்டு நாளைப் பிடியுங்கள். ஒடிசாக்காரர்கள் என்றால் தமிழும் ஒடியாவும் தெரிந்த ஒரு தொழிலாளியை அன்றைக்கு மேசையருகே உட்கார வையுங்கள், அந்த நேரக் கூலியை ஊராட்சி கொடுக்கட்டும்.

"முதலில் இருந்து ஆரம்பிக்கணுமா" என்று கேட்பார்கள். வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், தவணைக்கிடையே நாலு வாரம். பி.சி.ஜி. ஒரு வயதுவரை போடலாம். பெண்டா ஒரு வயதுக்குள் ஒரு தவணையாவது போட்டிருந்தால் பிறகும் பெண்டாவாகவே முடிக்கலாம். ஒரு வயது தாண்டியும் ஒன்றுமே போடாத பிள்ளைக்கு டி.பி.டி., ஏழு வயதுவரை. எம்.ஆரும் சொட்டு மருந்தும் ஐந்து வயதுவரை. அட்டை இல்லை, அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை என்றால் போடாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள், கூடுதலாக ஒரு தவணை போனால் கெடுதல் இல்லை. இடது மேற்கையில் பி.சி.ஜி. தழும்பு இருந்தால் பிறந்த இடத்தில் ஏதோ ஒரு கை பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சளி, லேசான காய்ச்சல், பேதி இருந்தாலும் போடலாம். சூளைப் பிள்ளைக்குப் புழுதியில் எப்போதும் மூக்கு ஒழுகும். அது நிற்கட்டும் என்று காத்திருந்தால் சீசன் முடிந்துவிடும். மழை தொடங்கினால் கிளம்பிவிடுவார்கள், நாளை என்று தள்ளாதீர்கள். கிளம்புமுன் அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுங்கள், யூ-வின்னில் அவர்களுடைய மொபைல் எண்ணில் பதிந்துவிடுங்கள்.

வார்டு 4 · 22 ஜூன், இரவு 8.00

சூளைக்கு 28-ஆம் தேதி பிடித்தாயிற்று. ஏழு பிள்ளையும் இருக்கிறது. அந்த ஒரு அப்பா பற்றி யாரும் சொல்லவில்லையே. 2017-இல் பள்ளிக்கூடத்தில் எம்.ஆர். போட்டபோது வந்த வாட்ஸப் செய்தியை இன்னும் போனில் வைத்திருக்கிறார். காட்டினார்.

ஊர்க்கணக்கு · 22 ஜூன், இரவு 8.45

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுவரை எல்லாருக்கும் என்று ஒரே மூச்சில் தொடங்கியபோது, பெற்றோரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அந்த இடைவெளியில் வாட்ஸப் நுழைந்தது. அவர் செய்தியை வைத்திருப்பது பிள்ளைமேல் இருக்கிற அக்கறையால். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசுங்கள். கூட்டமாகப் போகாதீர்கள். அதிகாரி, போலீஸ், ஊராட்சித் தலைவர் யாரும் வேண்டாம். அவர் பிள்ளைக்கு ஆறாவது வார ஊசி போட்ட அதே நர்சம்மா, தனியாக. அவரிடமிருந்துதான் மூன்று தடவை வாங்கியிருக்கிறார்.

செய்தியை முதலில் முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த வரி பயமுறுத்துகிறது என்று அவரே காட்டட்டும். அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தட்டம்மை வந்த ஒரு பிள்ளை, ஊசி போடாதவர்கள் நடுவே இருந்தால் 12 முதல் 18 பேருக்குத் தொற்ற வைக்கும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்பதை அதன்பிறகு சொல்லலாம். அன்றைக்கே சரி என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும்வரை கதவு திறந்தே இருக்கிறது. வைட்டமின் ஏ சொட்டுக்காவது கூட்டி வரச் சொல்லுங்கள், 9 மாதத்தில் 1 மில்லி, பிறகு ஆறு மாதத்துக்கொரு தடவை 2 மில்லி. ஊசி இல்லாமல் நிலையத்துக்கு வந்து போகிற பழக்கம் நிற்காமல் இருக்கட்டும்.

வார்டு 4 · 22 ஜூன், இரவு 9.05

நர்சம்மாவிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய் மாலை போகிறார். ரேஷன் தீர்மானத்தை அஜெண்டாவிலிருந்து எடுத்தாயிற்று. அந்த இடத்தில் சூளைக்கு ஆட்டோ வாடகையும், மொழி தெரிந்த ஆளுக்கு அரை நாள் கூலியும் எழுதியிருக்கிறது.